பொட்டும் தனாக்காவும் வைத்த பொம்மை

யாங்கோனில் ஒரு பெண் குழந்தைக்குப் பொம்மை வாங்கலாம் என்று கிளம்பினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சள் முடியும் நீலக் கண்ணும் வைத்த பிளாஸ்டிக் பொம்மைதான். கொஞ்சம் தேடினால் பொஜோ சந்தையிலும் பகோடா படிக்கட்டுக் கடைகளிலும் பர்மியக் கைவேலைகள் இருக்கும்: காகிதக் கூழில் செய்து தங்க நிறம் பூசிய ஆந்தை ஜோடி, எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து உட்காருகிற முட்டை வடிவப் பொம்மை (அடியில் கனம் வைக்கிற இதே சூத்திரத்தில்தான் தஞ்சாவூரிலும் செய்கிறார்கள்), நூல் கட்டிய மரப்பாவைகள். இவையெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், வீட்டில் வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் குழந்தையின் முகம் இவை எதிலும் இல்லை. நெற்றியில் பொட்டு, இரண்டு கன்னத்திலும் தனாக்கா, இடுப்பில் லுங்கி, தலையில் பூ. அனவ்ரஹ்தா சாலையில் காளி கோயில் வாசலில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் இந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஒரு கடை அலமாரியிலும் பார்க்க முடியாது. நான் துணிப் பொம்மை செய்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான், இதில் வருகிற துணி, சாயம், பஞ்சு எல்லாவற்றையும் நான் தேர்ந்தெடுப்பதும் அந்த முகம் சரியாக வர வேண்டும் என்பதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்காக: தனாக்கா என்பது ஒரு மரக்கட்டை. வட்டமான கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் அரைப்பதைப் போலவே அரைத்து முகத்தில் பூசுவார்கள், வெயிலுக்குக் குளிர்ச்சி, தோலுக்கு நல்லது. பர்மாக்காரர்கள் எல்லோரும் பூசுவார்கள், இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்களும் பூசுவார்கள். 1964-இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள், ஏறாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், கோயிலுக்குப் பாவாடை, சந்தைக்கு லுங்கி. பொட்டும் தனாக்காவும் ஒரே முகத்தில் இருப்பது எங்களுக்குச் சாதாரண விஷயம், அதைச் சாதாரணமாகவே ஒரு பொம்மையில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் உடம்புக்கான துணி. நீட்சி இல்லாத, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும். வெளுக்காத காடாத் துணி போதும், தெய்ன்ஜி சந்தையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இங்கே இன்னொரு நல்ல துணியும் உண்டு, பின்னி என்பார்கள், மங்கலான பழுப்பு நிறத்தில் வருகிற பருத்தித் துணி. பிரிட்டிஷ்காரர் காலத்தில் சுதேசி இயக்கத்தில் இருந்த பர்மியர்கள் வெளிநாட்டுத் துணியைத் தள்ளிவிட்டு இதில்தான் சட்டை தைத்துப் போட்டார்கள், நமக்குக் கதர் எப்படியோ அவர்களுக்குப் பின்னி அப்படி. நல்ல பின்னித் துணியாகக் கிடைத்தால் சாயமே வேண்டாம், மாநிறத் தோலுக்கு அது அப்படியே பொருந்தும். எதை வாங்கினாலும் முதலில் சோப்பும் கொஞ்சம் சலவைச் சோடாவும் போட்டு வெந்நீரில் துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் கத்திரிக்கோலை எடுக்க வேண்டும். கஞ்சி போகாத துணியில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், முன்பே துவைத்துச் சுருக்கிவிடாத துணியில் செய்த பொம்மையை ஒரு தடவை கழுவினாலே மூக்கு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொள்ளும்.

தோல் நிறத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் கடையில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற வெளிறிய இளஞ்சிவப்புத் துணி எங்கள் குடும்பத்தில் யாருடைய தோல் நிறமும் கிடையாது. துணியை வீட்டிலேயே சாயம் ஏற்றிக்கொள்வது நல்லது. எளிதான வழி தேயிலை, தேயிலைத் தூளைக் கெட்டியாகக் காய்ச்சி வடிகட்டி அதில் துணியைப் போட்டு ஊற வைத்தால் மெல்லிய பழுப்பு வரும். ஆனால் எனக்குப் பிடித்தது காசுக்கட்டி. வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் தெரியும், இங்கே முக்குக்கு முக்கு இருக்கிற வெற்றிலைக் கடைகளில் சுண்ணாம்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஷா என்று பர்மியர்கள் சொல்கிற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சிறு சிறு துண்டாகச் சீவி, கொதிக்க வைத்து, அந்தச் சாற்றை இறுக்கி எடுப்பதுதான் காசுக்கட்டி. ஒரு காலத்தில் பர்மாவில் இருந்து இது ஏராளமாக வெளிநாட்டுக்குப் போனது, மீன் வலைக்கும் பாய்மரத் துணிக்கும் இதில்தான் சாயம் ஏற்றினார்கள், உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் துணி சீக்கிரம் மக்காது என்பதற்காக. வலைக்குத் தாங்கிய நிறம் பொம்மைக்குத் தாங்காதா?

செய்முறை இப்படி. நூறு கிராம் துணிக்குப் பத்து கிராம் படிகாரம் எடுத்து வெந்நீரில் கரைத்து, அதில் துணியை ஒரு மணி நேரம் ஊற வைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் பத்து முதல் பதினைந்து கிராம் காசுக்கட்டியைப் பொடித்து வெந்நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, துணி தாராளமாக மூழ்குகிற அளவு தண்ணீர் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதிக்க விடாமல் சிறு தீயில் முக்கால் மணி நேரம், அடிக்கடி புரட்டிவிட வேண்டும், அப்புறம் இறக்கி அப்படியே இரவு முழுக்க விட்டுவிடலாம். ஈரத்தில் பார்க்கிற நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் ஒரு பங்கு வெளுக்கும். இன்னும் கறுப்பான தோல் வேண்டும் என்றால் துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த காடியில் ஊற வைத்த தண்ணீரை ஒரு கரண்டி சேர்த்தால் போதும், இரும்பு பட்டதும் செம்பழுப்பு கரும்பழுப்பாக மாறும். கரண்டிக்கு மேல் போக வேண்டாம், இரும்பு அதிகமானால் துணி நைந்துவிடும். சாயம் காய்ச்சுகிற பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது, இதற்கென்று ஒரு பழைய எவர்சில்வர் சட்டியைத் தனியாக வைத்துவிடுங்கள்.

ஒரே துணியை மூன்றாகக் கிழித்து, ஒன்றை அரை மணியில் எடுத்து, ஒன்றை ஒரு மணியில் எடுத்து, ஒன்றை மறுநாள் வரை விட்டால் ஒரே குடும்பத்தில் பிறந்த மூன்று பிள்ளைகளின் நிறம் கிடைக்கும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் சந்தோஷமான கட்டம் இதுதான்.

வெட்டும்போது கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் துணியின் வாக்கு. பாவு நூல், அதாவது நீளவாக்கு நூல், ஓடுகிற திசையில் துணி இழுபடாது, குறுக்கே போகிற ஊடை திசையில் கொஞ்சம் இழுபடும். கை, கால் இரண்டையும் அவற்றின் நீளம் பாவோடு போகும்படி வெட்டினால் பஞ்சு அடைத்த பிறகு நீளம் மாறாமல் நன்றாகத் திரளும். மாற்றி வெட்டினால் கை முழங்காலைத் தாண்டிப் போய்விடும். தலையை மட்டும் சிலர் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டுவார்கள், கன்னம் உருண்டையாக வரும் என்று. வரும்தான், ஆனால் முகத்தில் கண் தைக்கும்போது துணி அலையும், அதனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தையலுக்கு ஓரத்தில் ஆறு மில்லிமீட்டர் விட்டால் போதும். தையல் நெருக்கமாக, ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பஞ்சு அழுத்துகிற அழுத்தத்தில் அகலமான தையல் வாய் பிளந்துவிடும். கழுத்து, அக்குள், கட்டைவிரல் இடுக்கு, இந்த வளைவுகளில் தையல் வரை போய்த் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். திருப்புவதற்கும் பஞ்சு தள்ளுவதற்கும் காவ்ஸ்வே நூடுல்ஸ் சாப்பிடுகிற மூங்கில் குச்சியை விட நல்ல கருவி எனக்குத் தெரிந்து கிடையாது.

மிஷின் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். இங்கே கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஒரு நாளில் பாதிக்கு மேல் இல்லாத நாட்களும் உண்டு. காலால் மிதிக்கிற பழைய மிஷினும் கைத்தையலும்தான் இந்த ஊரில் நம்பிச் செய்யக்கூடியவை. கெட்டித்தையல், அதாவது ஒரு தையல் அளவு முன்னே போய் அதில் பாதி பின்னே வருகிற தையல், மிஷின் தையலுக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை.

அடுத்து பஞ்சு. இங்கே தலையணைக்கும் மெத்தைக்கும் இலவம் பஞ்சுதான், வறண்ட மாதங்களில் இலவ மரங்களின் காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். காய் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்கு உதவாத அந்தப் பஞ்சு நமக்கு நன்றாகவே உதவும். இந்த நார் உள்ளே குழலாக இருக்கும், குழல் நிறையக் காற்று, மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஒட்டாது, எடையும் இல்லை. முன்பெல்லாம் கப்பலில் உயிர்காக்கும் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். பொம்மைக்கு இதை அடைத்தால் கையில் எடுக்கும்போது ஒரு இளக்கம் இருக்கும், பாலியஸ்டர் பஞ்சில் அது கிடைக்காது, அந்தப் பஞ்சு எப்போதும் திமிறிக்கொண்டே நிற்கும். ஆனால் இலவம் பஞ்சுக்குக் குறைகளும் உண்டு. அடைக்கும்போது தூசு பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். கழுவினால் உள்ளே கட்டி கட்டியாகத் திரளும், காய்வதற்கும் நாளாகும். எல்லாவற்றுக்கும் மேல் இது சட்டென்று தீப்பிடிக்கும். கரண்ட் போய்விட்டதே என்று மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு இந்தப் பஞ்சின் பக்கத்தில் உட்காரவே கூடாது, இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். பஞ்சு வேலை பகலில் மட்டும்.

அதனால் நான் பிரித்து வைத்திருக்கிறேன். கொலுவில் வைக்கவும் அலமாரியில் வைக்கவும் செய்கிற பொம்மைக்கு இலவம் பஞ்சு. குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கி, சோற்றுக் கையோடு தூக்கி, வாரம் ஒரு தடவை தண்ணீரில் விழப்போகிற பொம்மைக்குப் பாலியஸ்டர் பஞ்சு அல்லது வெட்டுத் துணி. லைங்தாயா பக்கம் ஏற்றுமதிக்கு உடை தைக்கிற தொழிற்சாலைகள் நிறைய இருப்பதால் பனியன் துணியின் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும், அவற்றை விரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொண்டால் நல்ல அடைப்பு. பெரிய துண்டாகப் போட்டால் தோலுக்கு மேல் மேடு மேடாகத் தெரியும்.

உலகத்தில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய துணிப் பொம்மைகளில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, ரோமானியர் ஆட்சிக்கால எகிப்தைச் சேர்ந்தது, ஒன்றாம் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் செய்தது. லினன் துணியில் தைத்து உள்ளே கந்தலும் பாப்பிரஸும் அடைத்திருக்கிறார்கள். அந்தத் தாய்க்கோ பாட்டிக்கோ வீட்டில் என்ன மிஞ்சிக் கிடந்ததோ அதை அடைத்திருக்கிறாள். களிமண்ணும் மரமும் நிலைத்த அளவுக்குத் துணி நிலைக்காது, அதனால் எத்தனை ஆயிரம் துணிப் பொம்மைகள் தடயமே இல்லாமல் மண்ணோடு போயிருக்குமோ. எங்கள் ஆயா காலத்தில் பழைய சேலைத் தலைப்பைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்த பொம்மைகளும் அப்படிப் போனவைதான்.

அடைக்கும்போது கழுத்தில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. புதிதாகச் செய்கிறவர்களின் பொம்மைகள் பெரும்பாலும் தலையைத் தொங்கப் போட்டு நிற்பதற்குக் கழுத்துதான் காரணம். தலையையும் மார்பையும் கல்லாக அடைத்து, கழுத்தில் குச்சியால் குத்திக் குத்தி இனி இறங்காது என்கிற வரைக்கும் இறக்க வேண்டும். கொலுப் பொம்மை என்றால் கந்தல் சுற்றிய மூங்கில் குச்சி ஒன்றைத் தலையிலிருந்து வயிறு வரை உள்ளே விடலாம், குழந்தை கைக்குப் போகிற பொம்மையில் குச்சியே வேண்டாம். உட்கார வைக்கிற பொம்மைக்கு அடியில் கனம் வேண்டும், சிலர் அரிசி வைப்பார்கள், இந்த ஊர் ஈரத்தில் வண்டு வந்துவிடும். கழுவிக் காய வைத்த கூழாங்கல்லைச் சின்னப் பையில் தைத்து உள்ளே வையுங்கள்.

இனி முகம்.

முகத்தை நேரடியாகத் தைக்க ஆரம்பிக்காதீர்கள். குண்டூசியைக் கண் இருக்க வேண்டிய இடத்தில் குத்திவிட்டுப் பொம்மையை எதிரே நிற்க வைத்துக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்கள். பெரியவர் முகத்தில் கண் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும், குழந்தை முகத்தில் பாதிக்குக் கீழே இருக்கும், நெற்றி பெரிதாக இருக்கும். ஊசியை ஒரு நூலிழை கீழே இறக்கினாலே ஐந்து வயதுப் பெண் இரண்டு வயதுப் பாப்பாவாகிவிடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு கண் அளவு இடம். கொஞ்சம் விலக்கி வைத்தால் சாதுவான முகம், நெருக்கி வைத்தால் கோபக்காரி. இடம் பிடித்த பிறகு பென்சிலில் மெல்லக் குறித்துக்கொண்டு, ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்து எடுத்துத் தையுங்கள். முடிச்சை முடி மறைக்கப் போகிற இடத்தில் போட்டுவிட்டு ஊசியைத் தலைக்குள்ளேயே விட்டுக் கண்ணில் எடுக்கலாம். கருவிழி கறுப்பாக இருந்தால் போதும், வெள்ளை விழி தேவையில்லை, ஆனால் கருவிழியின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைத் தையல் போடாமல் விட்டுவிடாதீர்கள். அந்த வெள்ளைத் தையலை இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போட வேண்டும், அப்போதுதான் பொம்மை பார்ப்பது தெரியும். உதட்டுக்கு நல்ல சிவப்பு வேண்டாம், காசுக்கட்டி நிறத் தோலில் அது உறுத்தும், அரக்கு நிறம் பொருந்தும். புருவத்தைக் கண்ணை விட மெல்லிய நூலில் போடுங்கள்.

பொட்டுக்கு ஒட்டுப்பொட்டு ஒட்டி ஏமாறாதீர்கள், இரண்டாம் நாளே விழுந்துவிடும். அரக்கு நூலில் ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் போடுகிற முடிச்சுத் தையல் ஒன்று போதும். அதை நெற்றியில் மட்டும் கொஞ்சம் இறுக்கி இழுத்தால் சின்னப் பள்ளம் விழுந்து அதில் பொட்டு பதிந்து உட்காரும்.

தனாக்காவைப் பொம்மைக்கு எப்படி வைப்பது என்று நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். உண்மையான தனாக்காவையே அரைத்துப் பூசலாமே என்று கேட்பார்கள். காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் அது சரிப்படாது. பெயிண்ட் அடித்தால் நிறம் வரும், தனாக்கா வராது. தனாக்கா பூசிய கன்னத்தை உற்றுப் பாருங்கள்: ஈரமாக இருக்கும்போதே ஒரு சின்ன பிரஷை வைத்து இழுத்துவிடுவார்கள், காய்ந்த பிறகு சீப்பு போட்டு வாரிய மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும், கோடுகளுக்கு நடுவே தோல் தெரியும். அந்தக் கோடுகள் இருந்தால்தான் அது தனாக்கா. அதனால் நான் சந்தன நிற நூலில் ஒரே ஒரு இழையைப் பிரித்து, கன்னத்தில் வட்டமாகக் குறித்துக்கொண்டு, ஒரே திசையில் பக்கம் பக்கமாக நேர்த்தையல் போடுகிறேன். இழைக்கும் இழைக்கும் நடுவில் துணி தெரிய வேண்டும், நெருக்கினால் மஞ்சள் பட்டன் ஒட்டியதாகிவிடும். வட்டத்தின் ஓரம் கறாராக முடியாமல் சில தையல் நீண்டும் சில குட்டையாகவும் நிற்கட்டும். பெரிய பெண் பொம்மை என்றால் வட்டத்துக்குப் பதிலாக இலை வடிவம், நடு நரம்பு மட்டும் வெறுமையாக விட்டு இரண்டு பக்கமும் சாய்வாகத் தைக்க வேண்டும், இங்கே பெண்கள் விசேஷ நாட்களில் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். சின்னப் பிள்ளை என்றால் மூக்குத் தண்டிலும் ஒரு கோடு. எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெரியம்மா இந்தப் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் பெண் இது என்று கேட்டார்கள். அதற்கு மேல் எனக்கு ஒரு பாராட்டு தேவையில்லை.

முடிக்குக் கம்பளி நூல் இங்கே விலை அதிகம், கறுப்புப் பருத்தி நூல் கண்டு போதும். கொண்டை போடுவதா பின்னல் போடுவதா என்பது உங்கள் விருப்பம், பூ மட்டும் கட்டாயம். மல்லிகைக்கு வெள்ளை முடிச்சுத் தையல்களை வரிசையாகப் போட்ட ஒரு நாடா. ஏப்ரலில் திங்ஜான் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் செய்கிற பொம்மைக்கு மஞ்சள் முடிச்சுகள், அப்போது இங்கே படவுக் பூ பூக்கும், வேங்கை இனத்து மரம், முதல் மழை விழுந்ததும் மரம் முழுக்க மஞ்சளாகும், எல்லாப் பெண்களும் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

உடைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு சென்டிமீட்டர் பொம்மை நம்மில் ஐந்தில் ஒரு பங்கு. நாம் கட்டுகிற லுங்கி சுற்றளவு இரண்டு மீட்டர், உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அப்படியென்றால் பொம்மைக்கு நாற்பது சென்டிமீட்டர் சுற்றளவு, இருபத்திரண்டு உயரம். பெண் லுங்கிக்கு மேலே இடுப்பில் கறுப்புப் பட்டை உண்டு, அதை மறக்கக் கூடாது, அது இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றும், என்ன என்று சொல்லத் தெரியாது. பெண்ணுக்கு மடிப்பு பக்கவாட்டில் செருக வேண்டும், ஆணுக்கு முன்னால் முடிச்சு. துணியில் இருக்கிற பூவும் கட்டமும்கூட ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு கை அகலப் பூப்போட்ட துணியைப் பொம்மைக்குக் கட்டினால் அது திரைச்சீலையைச் சுற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆண்கள் லுங்கியின் சின்னக் கட்டங்கள் பொம்மைக்கு அளவெடுத்து நெய்தவை என்றே சொல்லலாம். மண்டலேக்குப் பக்கத்தில் அமரபுராவில் நெய்கிற அச்செய்க் அலைக்கோட்டுப் பட்டு இருக்கிறதே, அதை முழு அலையோடு எடுக்காமல் ஓரத்தில் வருகிற ஒடுக்கமான பகுதியை மட்டும் எடுங்கள். அந்தத் துணியை விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம், லுங்கி மூட்டுகிற, எஞ்சி என்கிற பர்மியச் சட்டை தைக்கிற தையல்காரர்களிடம் கேட்டால் மிஞ்சிய துண்டுகளைத் தருவார்கள். என்னைக் கேட்டால் கட்டிப் பழகிய பழைய லுங்கிதான் இன்னும் நல்லது. புதுத் துணி விறைத்துக்கொண்டு நிற்கும், பத்து வருஷம் துவைத்த துணி பொம்மையின் இடுப்பில் சொன்னபடி விழும்.

விசேஷப் பொம்மைகளுக்கு மண்டலேக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஷ்வேச்சித்தோ என்று ஒரு தையல் வேலை, துணியில் உருவத்தை வெட்டி வைத்து, அதன் அடியில் பஞ்சு பொதிந்து மேடாக்கி, சிமிக்கியும் ஜரிகையும் வைத்துத் தைப்பார்கள், யானையும் தேவதையும் துணியை விட்டு எழுந்து வரும். மரப்பாவை ஆட்டத்தில் ஒரு குழுவுக்கு இருபத்தெட்டுப் பாவைகள் என்பது பழைய கணக்கு, அந்தப் பாவைகளின் உடையிலும் இதே சிமிக்கி வேலைதான். இந்தப் பஞ்சு பொதிகிற முறையைக் கொலுப் பொம்மையின் ஒட்டியாணத்துக்கும் தோள்பட்டைக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு விரல் அகலப் பட்டையிலேயே நகை போட்ட கனம் வந்துவிடும்.

மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் சிமிக்கி, மணி, பட்டன் எதுவும் கூடாது, கண் முதல் கொலுசு வரை எல்லாம் நூலில்தான். கூழாங்கல் பையும் வேண்டாம். தைத்து முடித்ததும் கையையும் காலையும் நன்றாக இழுத்துப் பாருங்கள், குழந்தை நம்மை விடப் பலமாக இழுக்கும். உள்ளே ஊசி எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்ய, வேலை தொடங்கும் முன் எத்தனை ஊசி எடுத்தோம் என்று எண்ணி வைத்து முடிந்ததும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும், தையல்கடையில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான்.

கழுவுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இலவம் பஞ்சுப் பொம்மையைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஈரத்துணியில் சோப்பு தொட்டு அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் துடையுங்கள். பாலியஸ்டர் பஞ்சுப் பொம்மையைக் குளிர்ந்த தண்ணீரில் கையால் கசக்கலாம், முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்த வேண்டும். காசுக்கட்டிச் சாயம் முதல் இரண்டு தடவை கொஞ்சம் விடும், அதனால் உடையைக் கழற்றித் தனியாகத் துவையுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே பெய்கிற மழையில் எதுவும் முழுசாகக் காயாது, மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று வாடை வந்துவிடும். அந்த மாதங்களில் அவசரமாகக் கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் முதுகுத் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டுத் தோலை மட்டும் கழுவி, காய்ந்த பிறகு புதுப் பஞ்சு அடைத்து மூடுங்கள். இதற்காகவே நான் முதுகில் ஒரு விரல் நீளத்துக்கு மிஷின் தையல் போடாமல் கைத்தையலில் மூடுகிறேன், பிரிப்பதும் எளிது, திரும்ப மூடினால் தடமும் தெரியாது.

இப்போது மேசையில் இருப்பது பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிற ஆண் பொம்மை. மஞ்சள் வேட்டிக்கு வாயில் என்கிற மெல்லிய ரகத்தில் பழைய துணி கிடைத்துவிட்டது, அரை வட்டத்துக்கு மூங்கில் பிளாச்சைத் தண்ணீரில் ஊற வைத்து வளைத்துக் கட்டியிருக்கிறேன். தோளில் கனம் இறங்குவதால் கழுத்தோடு இரண்டு தோளுக்கும் உள்ளே குறுக்குக் குச்சி ஒன்று தேவைப்படுகிறது, அதைத் துணிக்கு வெளியே தெரியாமல் எப்படி நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொம்மைக்குக் கச்சிதமான சின்ன மயிலிறகுக்கு என்ன செய்யலாம் என்று யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.